நாளைக்கு மூன்று முறை

வசந்த நகர் கேலரியில் எனக்கு வேலை
சாமிகள் மேல் தண்ணீர் தெளிப்பது.
பத்து மணிக்கு, இரண்டுக்கு, மூடும்போது ஒருமுறை.
சலூனில் முடிக்கு அடிப்பார்களே, அதே பாட்டில்.

கண்ணாடி உடைந்த சாமியை வீட்டில் வைக்கக் கூடாது.
குப்பையில் போடக் கை வராது.
அதனால் பெங்களூரில் எந்த அரசமரத்தடியிலும்
நாலு பேராவது சாய்ந்து நிற்கிறார்கள்,
லட்சுமியின் சிவப்பு மழையில் கரைந்து
பக்கத்துப் பிள்ளையார் மேல் வழிந்தபடி.

அனகா ஹெப்பார் ஆட்டோ ஆட்டோவாக ஏற்றி வந்தாள்.
சட்டம் கழற்றி, இட்லி போல ஆவியில் வைத்து,
தாளுக்கும் அட்டைக்கும் நடுவே காளான் விதை திணித்து,
மறுபடி சட்டத்தில் அடைத்து
உத்தரத்திலிருந்து நூலில் தொங்கவிட்டாள்.
பிரான்சிலிருந்து வந்தவர் ஒருவர்
அழுதுகொண்டே போட்டோ எடுத்தார்.

பன்னிரண்டாம் நாள் வெள்ளை படர்ந்தது.
விபூதி என்றார் செக்யூரிட்டி லிங்கராஜு.
செருப்பை அன்றிலிருந்து வெளியே விடுகிறார்.
சுவரில் ஒட்டிய அட்டை வேறு என்னவோ சொல்கிறது.
எனக்கு அது பசியாகத் தெரிந்தது:
முதலில் ஓரம், பிறகு பாதம்,
கடைசியில்தான் முகம்.

மூன்றாம் வரிசையில் ஒரு முருகன்.
முதுகுப்புறம் பால்பாயிண்டில்
கேஸ் புக்கிங் நம்பர்,
அதற்குக் கீழே "தேவகி 400".
கொடுத்துவிட்டேன், அடிக்க மறந்தது.
என் கையெழுத்துதான்.

"ஒரே ஒரு படத்தில் கண்ணாடி முழுசாக இருந்தது,
யாரோ தெரியாமல் வைத்திருக்கிறார்கள்" என்று
வந்தவர்களுக்கு அனகா விளக்கிக்கொண்டிருந்தாள்.
நான் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினேன்.

தெரிந்துதான் வைத்தேன்.
ஸ்ரீராமபுரத்தில் அன்று தூறல்.
ஆறு வருஷம் ஒரே ஒரு கேள்வி,
அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.
உடைக்கலாம் என்று ஓங்கினேன்,
பிறகு துணியால் துடைத்து
மரத்தடியில் நிறுத்திவிட்டுப்
பஸ் பிடித்தேன்.

இப்போது எல்லாருக்கும் முளைத்துவிட்டது.
வெங்கடாசலபதிக்குத் தோளில் ஒரு கொத்து.
யாருடையதோ தெரியாத ஒரு மாதாவுக்கு
காது மாதிரி இரண்டு.
அவருக்கு மட்டும் ஒன்றுமில்லை.
வேல் இருக்கிறது, மயிலின் கால் இருக்கிறது,
சிரிப்பு அப்படியே.

விளக்கணைத்த பிறகு, லிங்கராஜு டீக்குப் போன நேரம்,
நாலாவது முறை தெளிக்கிறேன்,
அவர் ஒருவருக்கு.
அதிகம் நனைத்தால் அழுகிவிடும் என்று
முதல் நாளே சொல்லியிருக்கிறாள்.