முப்பதைத் தாண்டாத வண்டி

மே மாதம்.
கராஜ் வாசலில் இன்னும் பனி,
அழுக்குச் சர்க்கரை மாதிரி.
உள்ளே என் மகள் ஈல்வா
வோல்வோவின் முதுகை கிரைண்டரால் அறுக்கிறாள்.
அவளுக்குப் பதினைந்து.
கார் அவளைவிட இருபத்திரண்டு வருடம் மூத்தது.

ஸ்வீடனில் பதினைந்து வயதுக்குக்
கார் ஓட்ட அனுமதி இல்லை,
டிராக்டர் ஓட்டலாம்.
ஆகவே பிள்ளைகள் காரை டிராக்டர் ஆக்குகிறார்கள்.
பின்சீட்டைப் பிடுங்கி,
கூரையைப் பாதியில் வெட்டி,
சாமான் தட்டு ஒன்றைப் பொருத்தி,
பின்னால் சிவப்பு முக்கோணம் மாட்டி,
மணிக்கு முப்பதைத் தாண்டாமல்
காலைக் கட்டிவிட்டால் போதும்,
சட்டத்துக்கு அது டிராக்டர்தான்.

ஊரெல்லாம் வேகம் கூட்டத்தான் இஞ்சினைத் திறக்கும்.
இவள் குறைக்கத் திறந்திருக்கிறாள்.
"குறைக்கிறதுதாம்மா கஷ்டம்.
இது ஓடணும்னே பிறந்தது."

வயர்களைத் தொட்டால்
மேல்தோல் அப்பளமாய் நொறுங்குகிறது.
எண்பதுகளின் ரப்பர்.
ஒரு போல்ட்டுக்கு மூன்று நாள் எண்ணெய் ஊற்றினோம்,
சூடு காட்டினோம், கெஞ்சினோம்.
நாலாம் நாள் தலை மட்டும் கையோடு வந்தது.
முதியோர் இல்லத்து இரவுப்பணி முடிந்து
தூங்காத கண்ணோடு விளக்குப் பிடித்திருந்த நான்
சொன்ன வார்த்தையை
ஈல்வா அதற்கு முன் என் வாயில் கேட்டதில்லை.
சிரித்து ஸ்பேனரைக் கீழே போட்டாள்.

கிலோமீட்டர் காட்டும் சிறுபெட்டியில்
318442.
பதினொரு வருடமாக அதே எண்.
பல்சக்கரம் தேய்ந்துவிட்டது,
இந்த மாடலுக்கே உள்ள வியாதி என்பான் தோர்பியோர்ன்.
உண்மைதான், தெருவில் பாதி வோல்வோவுக்கு அந்த வியாதி.
அதனால்தான் நம்பினேன்.

தபாலில் புதுச் சக்கரம் வந்தது,
சுண்டுவிரல் நகம் அளவு.
ஈல்வா டயலைப் பிரித்தாள்.
"இங்கே சக்கரமே இல்லையே."
உடைந்த துணுக்கு இல்லை, தூள்கூட இல்லை.
ஆஷ்ட்ரேயைக் கழற்றியபோது பின்னாலிருந்து
கறுப்பு டேப் சுற்றிய ஒன்று விழுந்தது.
பிரித்தாள். பற்களை எண்ணினாள்.
ஒன்றும் குறையவில்லை.
என் உள்ளங்கையில் வைத்துவிட்டு
பம்பருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

லிக்செலேயில் ஒருத்தி இருந்தது
அவன் போன பிறகு எல்லோருக்கும் தெரிந்தது.
எப்போதிலிருந்து என்பதை
யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சர்வீஸ் புத்தகம் டேஷ்போர்டில்தான் இருந்தது.
ஈல்வாவுக்கு நாலு வயதான மார்ச்,
எண்ணெய் மாற்றியது, 318160.
கழித்தால் இருநூற்று எண்பத்திரண்டு.
போக நூற்று முப்பது,
வர நூற்று முப்பது,
மீதி பாலும் ரொட்டியும் வாங்கியது.
ஆக, முதல் தடவை கணக்கில் ஏறியிருக்கிறது.
திரும்பி வந்த ராத்திரி இதே கராஜில்
இதே விளக்கைக் கொளுத்திக்கொண்டு
உட்கார்ந்திருப்பான்.
சின்ன ஸ்குரூடிரைவர்தான் வேண்டும்,
அவனுக்குக் கை நடுங்காது.
பிறகு ஐந்து வருடம்
எங்கள் கார் எங்கேயும் போகவில்லை.

"புதுசைப் போடவா, பழசைப் போடவா?"
காருக்கு அடியிலிருந்து குரல்.
"பழசு. பல் நல்லா இருக்கு.
புதுசைத் திருப்பி அனுப்பு,
தொண்ணூறு குரோனா."

ஜூன். இருட்டாத ராத்திரி.
முதல் ஓட்டம்.
எங்கள் பின்னால் மரம் ஏற்றிய லாரி
உறுமுகிறது, விளக்கடிக்கிறது,
முக்கோணத்தைப் பார்த்து அடங்குகிறது.
முப்பதில் ஒரு கிலோமீட்டருக்கு
முழுசாய் இரண்டு நிமிடம்.
ரெண்டு மெல்ல மேலே நகர்ந்தது.
மூன்றின் தலை தெரிந்தது.
பாதியில் நின்ற மாதிரி இருந்தது,
நிற்கவில்லை.

"மீட்டரைப் பார்த்தது போதும்மா,"
என்றாள் ஈல்வா,
"உன் பக்கம் கலைமான் வருதா பாரு."