தலைதட்டிய கொத்து

சனிக்கிழமை. புறக்கோட்டை, நாலாம் குறுக்குத் தெரு.
சேகு நூர்தீன் கடையின் கணக்கன் நான்;
மூக்கில் மிளகாய் நெடி, காதில் பேனாக்கட்டை.
கல்கத்தா அரிசி மூட்டை முப்பத்தொன்று,
யாழ்ப்பாணத்துப் புகையிலை பன்னிரண்டு சிப்பம்,
மாசி ஒரு கூடை, எறும்போடு சேர்த்து,
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.
கோட்டைப் பக்கமிருந்து ஒரு பையன் ஓடிவந்து
பெரிய வங்கி கதவைச் சாத்திவிட்டது என்றான்.

சாத்தினால் திறப்பார்கள், என்றார் முதலாளி.
வெற்றிலையை மடித்தார். வாயில் போடவில்லை.

பத்து மணிக்கு
ஹங்வெல்லைக் கரத்தைக்காரன் பபுன் அப்பு
பூசணிக்காயை இறக்கமாட்டேன் என்றான்.
"சல்லி தா. கடதாசி வேண்டாம்."
பதினொன்றுக்கு எண்ணெய்க்காரரும் அதையே சொன்னார்.
நேற்றுவரை இரும்புப் பெட்டியில் படுத்திருந்த தாளை எடுத்து
இதில் ஊறுகாய் பொதியலாம் என்றான் ஒருவன்.
அவன் மட்டும் சிரித்தான்.

மலையில் கோப்பி இலைக்குத் துருப்பிடித்துப்
பதினைந்து வருஷம்.
துரைமார் முடிந்தார்கள்,
துரைமாருக்குக் கடன் கொடுத்தவர்கள் முடிந்தார்கள்;
இலையின் அடிப்புறத்து மஞ்சள் பொட்டு
மலையிறங்கி, கோட்டைக்குள் புகுந்து,
எங்கள் பேரேட்டில் வந்து உட்கார
அவ்வளவு காலம் பிடித்தது.
அதெல்லாம் எனக்குப் பிறகுதான் விளங்கியது.
அன்று விளங்கியது ஒன்றுதான்:
வெள்ளிக்காசு வைத்திருந்தவன் மனிதன்.

என் மடியில் மூன்று ரூபாய் இருந்தது.

சவரியம்மாள் வந்தாள்.
கிட்டங்கியில் கோப்பிக்கொட்டை பொறுக்குகிறவள்;
நகக்கண்ணில் எப்போதும் கொட்டையின் வெள்ளித்தோல்.
நாலு பெண்களின் வாரக்கூலிக்குச் சேர்த்து
ஒரே ஐந்து ரூபாய்த் தாளை நீட்டியிருந்தான் கங்காணி.
மற்ற மூவரும் தெருமுனையில் நின்றார்கள்.
முதலாளி கையை விரித்தார்.
அவளோ தாளின் இரு ஓரத்தையும் பிடித்தபடி,
காயப்போட இடம் தேடுகிறவளைப்போல.

நான் வாசல்வரை கூடப் போனேன்.
இரண்டரை தருகிறேன் என்றேன்.
தயவு செய்கிறவன் குரலில்தான் சொன்னேன்;
அந்தக் குரல் எனக்கு எங்கிருந்து வந்தது என்று
இன்னும் கணக்குப் பார்க்கிறேன்.
அவள் பேரம் பேசவில்லை.
காசை ஒவ்வொன்றாய்க் கல்லில் தட்டி ஓசை கேட்டாள்.
பிறகு மூவரையும் கூப்பிட்டு, அரிசி வாங்கி,
நாலு முந்தானையில் பங்கிட்டுக்கொண்டு போனார்கள்.

சில நாளில் தெருவில் தமுக்கு அடித்தது.
அரசாங்கமே பிணையாம்.
தாள் தாள்தான், ஐந்து ஐந்துதான்.
பபுன் அப்பு பூசணிக்காய் இறக்கினான்;
இரண்டு அழுகியிருந்தன, விலையில் கழித்தோம்.
முதலாளி வெற்றிலை போட்டார்.

என் இலாபம் இரண்டரை ரூபாய்.
எந்தப் பக்கத்திலும் ஏறவில்லை, பற்றிலும் இல்லை, வரவிலும் இல்லை.
மழை தொடங்கியிருந்தது. ஒரு குடை வாங்கினேன்.
நல்ல குடை. மூங்கில் பிடி.

அடுத்த வாரம் வந்தாள்.
இரண்டு கொத்து, என்றாள்.
கடைப்பையனை விலக்கிவிட்டு நானே அளந்தேன்.
குவித்து அளந்தேன்;
கொத்தின் வாயில் அரிசி கூம்பி நின்று
பக்கமெல்லாம் சரிந்தது.

அவள் கொத்தைப் பார்த்தாள்.
ஆணியில் சொட்டிக்கொண்டிருந்த குடையைப் பார்த்தாள்.
உள்ளங்கையைச் செங்குத்தாய் நிறுத்தி
விளிம்போடு ஒரே வழி வழித்தாள்.
மிகுந்தது மூட்டைக்குள் விழுந்தது.
"காசுக்கு எவ்வளவோ அவ்வளவு."

இரண்டாவது கொத்தையும் அவளே தலைதட்டினாள்.
முந்தானையை முடிந்தாள்.
பலகையில் சில்லறையை வைத்து
விரலால் என் பக்கம் தள்ளினாள்.
இருபத்துநாலு சதம்.
எண்ணிப் பார்த்தேன்.
சரியாக இருந்தது.