வட்டத்துக்குள் சதுரம்

ஏழாம் மாதம் செவிலியர் கொடுத்த தாளில்
'பிரசவத் திட்டம்' என்று அச்சடித்திருந்தது.

ஆட்டோ: மரியதாஸ் அண்ணன். ராத்திரியானால் இரண்டு முறை அடிக்க வேண்டும்.
ஆஸ்பத்திரி: மஞ்சக்குப்பம், பெரியது.
ரத்தம்: பி பாசிட்டிவ். தர ஒப்புக்கொண்டவர்
எங்கள் ஐஸ் பிளான்ட் எலக்ட்ரீஷியன்.
பழைய சேலை இரண்டு, கொதிநீரில் அலசியது.

முதுநகர் துறைமுகத்தில்
எந்தப் படகுக்கு எத்தனை பார் ஐஸ் என்று எழுதும்
அதே பேனாவில், ரசீதுகளுக்கு நடுவே,
இத்தனையும் ஒரே மூச்சில் எழுதினேன்.
கடைசி வரி தாளில் இல்லை. நானே சேர்த்தேன்:
பிறந்ததும் போடும் ஊசி.
எதிரே நாலு நாளாக ஒன்றுமில்லை.

"கண்ணே தொறக்காத புள்ளைக்கு
மூணு குத்தா, அஞ்சலாட்சி?
ஒரு மாசம் போவட்டுமே."

இளஞ்சேரன் முட்டாள் இல்லை.
சிப்காட் பக்கத்து ஊரில் பிறந்தவன்.
'பயப்பட ஒன்றுமில்லை' என்று முத்திரை குத்திய தாளை
அவன் வீட்டு டிரங்குப் பெட்டியில் பார்த்திருக்கிறேன்.
அந்த வருடம்தான் போர் தண்ணீர்
டீ நிறத்தில் வந்ததாம்.
"எழுதிக் குடுத்தவன் அதுல ஒரு டம்ளர் குடிச்சானா?"
இதற்கு என்னிடம் பதில் கிடையாது.
அவனிடமும் இல்லாததால்தான்
என்னிடம் கேட்கிறான்.

புதன்கிழமை துணை சுகாதார நிலையம்.
சிஸ்டர் தமிழ்க்கொடி நீலப்பெட்டியைத் திறக்காமல்
ஐஸ் பட்டைகளை மேசையில் பரப்பிவைத்து
சும்மா உட்கார்ந்திருந்தார்.
அழுகை பத்து, தாய்மார் பத்து, மின்விசிறி ஒன்று.
"எதுக்கு நேரம் கடத்துறீங்க?"
"ஐஸ் வேர்க்கட்டும். குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும்.
அப்பத்தான் மருந்தோட வைக்கலாம்.
காமாலை ஊசி உறைஞ்சா செத்துடும்."

எட்டு வருடம் ஐஸ் கணக்கு எழுதுகிறேன்.
உறைவது காப்பாற்றும் என்றுதான் தெரியும்.
கெடுக்கும் என்று ஒருவர் சொல்லக் கேட்டது அன்றுதான்.

"முதல் நாளே எதுக்கு?" என்றேன்.
"உனக்கு இல்லைன்னு ரிசல்ட் வந்துடுச்சு, சரி.
புள்ளையத் தூக்க வர்றவங்க எல்லாருக்குமா டெஸ்ட் எடுத்தோம்?"
சொல்லிக்கொண்டே ஒரு சீசாவை என் உள்ளங்கையில் வைத்தார்.
கட்டைவிரல் உயரம்கூட இல்லை.
அதன்மேல் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு சதுரம்.
"சதுரம் வெளுப்பா இருந்தா நல்ல மருந்து.
வட்டத்து நிறத்துக்குக் கறுத்துட்டா தூக்கிப் போட்டுடணும்.
வழியில பட்ட வெயிலை அது மறக்காது.
மறுபடி ஃபிரிட்ஜ்ல வச்சாலும் வெளுக்காது."

ராத்திரி ஷிப்ட் முடிந்து
சட்டையில் அந்த வாடையோடு வந்தவனுக்கு
ரசீதின் பின்புறம் வரைந்து காட்டினேன்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
"நாமளே பாக்கலாமா?"
"பாக்கலாம்."
"கேட்டா திட்டுவாங்களே?"
"திட்டிக்கிட்டே காட்டட்டும்."
"எங்க ஊர் பைப்புல இப்படி ஒண்ணு
ஒட்டியிருந்தா..."
மிச்சத்தைச் சொல்லாமல் குளிக்கப் போனான்.

ஈரத் தோளில் அவனுக்கும் ஒரு தழும்பு இருக்கிறது,
எட்டணா அளவு. எனக்கும்.
யார் எதைப் பார்த்து அன்றைக்குச் சம்மதித்தார்களோ.
பார்க்கவே விட்டிருக்க மாட்டார்கள்.

எழுதினேன்:
பிறந்த அன்றே. தொடையில் ஒன்று.
இடது தோளில் ஒன்று. வாயில் இரண்டு சொட்டு.
ரத்தம் உறைவதற்கு மற்றத் தொடையில் இன்னொன்று
(இது தடுப்பூசி இல்லையாம், குத்துவது குத்துவதுதான்).
போடும் முன் சீசாவை அப்பாவிடம் காட்டவும்.

அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்றான்.
பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே,
"இடதுன்னா, நாம பாக்கிற பக்கத்துக்கு இடதா,
அதுக்கு இடதா?"

அதுக்கு, என்றேன்.