உச்சப் பயன்

காவேரிப்பட்டணம் புறவழிச்சாலை. நாற்பத்தொரு சென்ட்,
பாதிக் கூரையோடு ஒரு மாங்கூழ்க் கிடங்கு.
டேப்பின் ஒரு முனை நஞ்சுண்டன் கையில்,
சுருள் என்னிடம்.

"மண்டபம் கட்டலாம்ல மேடம்?"
கட்டலாம். முகூர்த்தம் வருஷத்துக்கு ஐம்பது;
மீதி நாளெல்லாம் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும்.
பங்க் வைக்கலாம். நடுவில் தடுப்பு,
எதிர்ச்சாரியில் சேலம் போகும் வண்டி
இந்தப் பக்கம் திரும்பாது.
ஆஸ்பத்திரிக்கு விடுவதென்றால்
தங்கச்சி கையெழுத்து வேண்டும்.
அந்தப் பேச்சை எடுத்ததும்
அவர் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சட்டம் விடுகிறதா, மண் தாங்குமா,
போட்ட பணம் திரும்புமா,
திரும்புவதில் எது பெரிசு:
நான்கு சல்லடை. நான்காவதில்
எனக்கே சில நாள் ஒன்றும் தங்குவதில்லை.

ஆனி மாதம். பக்கத்து ஆலைக்குப்
பெங்களூரா ஏற்றி வந்த லாரிகள்
டோக்கனுக்காகக் கிடங்கு வரை நிற்கின்றன.
உள்ளே, கூரை மிச்சமிருக்கும் பக்கம்,
பதினாறு டிரைவர்கள் துண்டை விரித்து.
"இவங்ககிட்ட என்ன வாங்கறீங்க?"
"படுக்கறதுக்கா?"

ராத்திரிக்கு நூற்றைம்பது என்று போட்டுப் பார்த்தேன்.
மாங்காய் ஓய்ந்தால் கிரானைட் வண்டி வரும்.
மண்டபம் தோற்றது. பங்க்கும்.
வேலி, ஒரு குழாய், இரண்டு கழிவறை;
உச்சப் பயன்: லாரி நிறுத்துமிடம்.

"இதச் சொல்லவா உங்களுக்கு பீஸ்?" என்றார்.
என்றாலும் வரிசையை
எண்ணத் தொடங்கியிருந்தார்.

கிழக்குப் பக்க அளவு பாக்கி.
டேப்பை இழுத்துக்கொண்டு போனேன்.
படுத்திருந்தவர்களில் ஒருவர்
கண் திறக்காமலே காலைத் தூக்கி
அதற்கு வழி விட்டார்.