திருத்தப் படிவம்

நவம்பர் ஒன்பது, ஞாயிறு. ராயபுரம்.
ஆறாம் வகுப்பு அறையில்
நனைந்த படிவங்களை ஃபேனுக்கடியில் உலர்த்துகிறேன்.
வாக்காளர் பட்டியல், பாகம் நூற்றுப் பதினேழு, என் பொறுப்பு.
மற்ற நாளில் இதே அறையில் வரலாறு.

"சூப்பர்வைசர் சரியான எம்டன் மேடம்.
மூணாம் நம்பர் கூண்டு ஏத்தியாச்சு, காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது,
மேல ஏறுன்றான்.
ஏறமாட்டேன்னு இறங்கிட்டேன்."
துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்.
பதினோரு நாள் சம்பளம் போயிற்று.

எம்டன்.
ஒரு ராத்திரி வந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய
ஜெர்மன் கப்பல்.
ஹைகோர்ட் சுவரில் ஒரு கல்வெட்டும்
நம் வாயில் ஒரு வசவும் மிச்சம்.

நாலு வருஷம் கழித்து
அந்தக் கடற்படையின் வேறு கப்பல்களில்
தோற்ற போருக்கு இன்னொரு முறை சாகச் சொன்னார்கள்.
கரி அள்ளுகிறவர்கள்
உலையை அணைத்துவிட்டு நின்றார்கள்.
ரெண்டு வாரம் ஆகவில்லை,
கைசர் ரயிலேறிவிட்டார்.
அவர்களுக்குத் தமிழில் ஒரு சொல் இல்லை.
மறுத்தவர்களின் குண்டு
எந்தச் சுவரிலும் விழவில்லையே.

புரட்சி என்றொரு சொல் உண்டுதான்.
பள்ளி மதிலில் பெயர்களுக்கு முன்னால்
மூன்று போஸ்டரில் ஒட்டியிருக்கிறது.
மழைக்கு ஒன்றுதான் உரிந்தது.

'முடியாட்சி வீழ்ந்தது, மக்களாட்சி மலர்ந்தது.'
போர்டில் நானே எழுதியிருக்கிறேன்.
பூவா அது?
ஜனவரியில் பெர்லின் தெருவில் தொழிலாளிகளைச் சுட்டார்கள்.
அதே ஜனவரியில் தேர்தல்.
முதன்முதலாய் ஓட்டுப்போட வரிசையில் நின்ற பெண்கள்
எதை மிதித்துக்கொண்டு நின்றார்களோ.
பதினாலு வருஷம்.
அந்தப் பெட்டி வழியாகவே வந்தவர்கள்
உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

இதே தேதியில்தான் பிறகு
யூதர்களின் கடைக் கண்ணாடிகள் நொறுங்கின.
ரொம்பப் பிறகு, இதே தேதியில், ஒரு சுவர் திறந்தது.
தேதிக்கு என்ன தெரியும்,
அது வருஷத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகிறது.

"மேடம், என் பேர்?"
பட்டியலில் தேடுகிறேன்.
சவரிராஜன்.
"ராயன் மேடம். சவரிராயன்.
அப்பா வச்ச பேரு."

ராஜனை அடித்துவிட்டு
ராயன் என்று எழுதுகிறேன்.
யோசித்தால் அதுவும் அரசன்தான்.
காரணம் கேட்கும் கட்டம் மிகச் சின்னது.
எழுத்துப்பிழை என்று போட்டு
அவர் பக்கம் திருப்புகிறேன்.
முழுசும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.