ஒற்று மிகும் இடம்

சித்திரை வெயிலில்
காகிதப்பட்டரையில் காகிதமே சுருளும் நேரம்
இரண்டு பெண்கள் படியேறி வந்தார்கள்.
ஆல்பத்தில் நாற்பத்தொன்றாம் எண் அட்டை,
முந்நூறு பிரதி, அட்வான்ஸ் ஐந்நூறு.
வாசகத்தை எழுதியே கொண்டுவந்திருந்தாள் தேன்மதி.

டில்லிபாபு விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.
'மாப்பிள்ளை பேரு சொல்லுக்கா.'
'சுகிர்தா.'
அவன் என்னைப் பார்த்தான்.
நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

எங்கள் கணினியில் இருபது வருடமாக ஒரே கட்டம்:
இந்தப் பக்கம் செல்வன், அந்தப் பக்கம் செல்வி,
உச்சியில் வள்ளிமலையான்.

'முருகன் படத்துக்குக் கீழ
இதப் போட மாட்டேன்மா.
என் கடை, என் சாமி.'

'எங்களுக்கும் அவர்தான் சார்.
போன கிருத்திகைக்கு மலை ஏறினோம்,
முட்டி இன்னும் வலிக்குது' என்றாள் சுகிர்தா.
'அவரும் வீட்டுல கேட்டுக் கட்டல' என்று
திரையைப் பார்த்தபடி முனகினான் டில்லிபாபு.

தேன்மதி சத்துவாச்சாரி கோர்ட்டில் ஜூனியர் வக்கீலாம்.
சட்டம் பேசுவாள் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
'முடியாதுன்னு நீங்க சொல்லக் கூடாதுன்னு
சட்டம் எதுவும் இல்ல சார்.
எங்களச் சேர்த்துவைக்கவும் இல்ல.
அதனாலதான் கேக்கறோம்.'

இருந்திருக்கலாம் ஒரு சட்டம்.
மறுத்தால் இத்தனை அபராதம் என்று
சுவரில் ஒரு நோட்டீஸ் தொங்கியிருந்தால்
அதைக் காட்டி முருகனிடம் தப்பித்திருப்பேன்.
அப்படி ஒன்று வந்தால் கடையை இழுத்து மூடுவேன் என்று
டீக்கடையில் கத்தியவனும் நான்தான்.

போன ஆடிக் கடைசியில் ஒருவர் வந்தார்.
பெண் இப்போதுதான் பத்தாவது முடித்தாள் என்று
வாய்தவறிச் சொன்னார்.
பத்திரிகையில் வயது போடும் வழக்கம் இல்லை.
ஐந்நூறு பிரதி. இதே முருகன்.
மை நன்றாகப் பிடித்திருந்தது.

ஐந்நூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
தாளை நீட்டும் முன் கண் தானாக ஓடியது,
முப்பது வருடப் பழக்கம்.
இரண்டு பெயருக்கு முன்னாலும் 'திருநிறைசெல்வி'.
ரெண்டு பேருமே கடைக்குட்டி போல.

சிவப்புப் பேனாவால் மேலே ஒரு ச்,
கீழே ஒரு ச்.
'எங்க அடிச்சாலும்
இத விட்டுடாதீங்க.'

அவர்கள் வெயிலுக்குள் இறங்கிப் போனார்கள்.
'சேவ் பண்ணவா, வேணாமா அண்ணே?'
மூன்று மணிக்குத் தினமும் கரண்ட் போகும்.
காத்திருந்தேன்.
இன்று போகவில்லை.