சலவை அறையில் இரண்டு சட்டைகள்

பைசாண்டூவில் மழை பிடித்துக்கொண்டால்
வால்மோரின் மதுக்கடையில் பழைய சண்டை எழும்.
அனிபால் ஸுகாஸ்தி இன்றிருந்தால்
இந்தப் பையன்களைப் பந்தோடு சேர்த்து
ஆற்றுக்கு அந்தப் பக்கம் உதைத்திருப்பான் என்பார் டெல்மிரோ.
இவர்கள் ஓடும் ஓட்டத்துக்கு
உங்கள் அனிபால் இடைவேளைக்குள்
வாந்தியெடுத்திருப்பான் என்பார் வால்மோர்.
மேசை அதிரும். மாத்தே ஆறிப்போகும்.

என்னை யாரும் கேட்பதில்லை.
கிளப்புக்குத் துணி துவைப்பவளுக்கு
ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும்?

போன மாதம் ஒரு தகரப் பெட்டி வந்தது.
நூற்றாண்டுக் கண்காட்சிக்கு, கவனம் இரினேயா, என்றார்கள்.
அனிபாலின் சட்டை. கருநீலக் கம்பளி.
நனைத்துத் தூக்கினால்
தூங்கிவிட்ட குழந்தையின் கனம்.
கழுத்துப் பட்டையில் பழுப்புக் கறை:
பந்தின் தையல் நெற்றியைக் கிழித்திருக்க வேண்டும்.
முழங்கையில் வேறு நிற நூலில் ஒட்டு.
கீழ்மடிப்பில் சிகரெட் சுட்ட ஓட்டை.
இடைவேளையில் புகைத்திருக்கிறான், மகராசன்.

அதே வாளிக்குப் பக்கத்தில்
ஞாயிற்றுக்கிழமை நஹுவேல் கழற்றிப் போட்டது கிடந்தது.
ஊதினால் பறக்கும்.
சேறே இல்லை, புல்லும் இப்போது படித்த புல்.
ஆனால் முதுகு முழுக்க உப்பு,
வற்றிய உப்பளத்தின் வரப்புகள்போல
ஒன்றின்மேல் ஒன்றாய்.
கூடவே ஒரு கறுப்புக் கச்சு, அதற்குள் ஒரு சில்லு.
எத்தனை அடி ஓடினான், எங்கே நின்று மூச்சு வாங்கினான்,
எல்லாவற்றையும் பயிற்சியாளரிடம் கோள்சொல்லும்.

அனிபால்மீது கோள்சொல்ல ஆளில்லை.
ஆறு பேரைக் கடந்து அவன் அடித்த கோலை
மைதானத்தில் பார்த்தவர்கள் நானூறு பேர்.
வால்மோர் கடையில் இதுவரை
இரண்டாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள்.
ஆறு ஒன்பதானது.
போன குளிர்காலத்தில் நடுவரையும் கடந்தான்.

நஹுவேல் தவறவிட்ட பெனால்டியோ
ஏழு கோணங்களில் இருக்கிறது,
அவன் அம்மாவின் தொலைபேசியிலும்.

வியாழன் மாலை கச்சைத் தேடி வந்தான்.
கொடியில் காய்ந்திருந்த கம்பளியைப் பார்த்து நின்றான்.
போட்டுப் பார்க்கட்டுமா என்றான்.
கூடாது என்று சொல்லிவிட்டுக்
கதவைத் தாழிட்டேன், உள்பக்கமாக.

காலுறைகளைச் சுருட்டிப் பந்தாக்கினான்.
தொங்கும் சட்டைகள்தான் எதிரணி.
எட்டாம் எண்ணை ஏய்த்தான், மூன்றாம் எண்ணின் கைக்கடியில் நுழைந்தான்,
கோல்காவலரின் பச்சை அவன் தோளில் உரசி ஆடியது.
சுவர்வரை போய்த் திரும்பி, மறுபடி, மறுபடி,
ஒரு சொட்டு ஈரமும் கீழே சிந்தாமல்.
பத்து நிமிடத்தில் முகம் செங்கல்லானது.
"இதைப் போட்டுக்கொண்டா?" என்றான்.
வேறெதுவும் கேட்கவில்லை.
மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான்,
கச்சை மறந்து.

அனிபாலை அழைத்துவந்து
ஊதினால் பறப்பதை மாட்டிவிட
எனக்கு வழி தெரியவில்லை.

அந்தக் கம்பளி இன்னொரு நனைப்பைத் தாங்காது.
நூல் விட்டுவிடும். அப்படியே கொடுத்தேன்.

இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில்
அக்குளிலிருந்து முதுகுவரை
வெள்ளையாய் ஒரு வரப்பு.
திறப்பு விழாவில் டெல்மிரோ கண்ணாடியைத் தட்டித் தட்டிக் காட்டினார்:
"பார்த்தாயா வால்மோர், வியர்வை!
எழுபது வருஷமாகியும் போகவில்லை.
இன்றைக்கு எவனுக்கு இப்படி வரும்?"

வால்மோர் முதல்முறையாக வாயடைத்து நின்றார்.
பின்வரிசையில் நஹுவேல்
ஷூ நாடாவைக் கட்டுவதற்குக் குனிந்தவன்
வெகுநேரம் நிமிரவில்லை.

நான் இன்னொரு கோப்பை வாங்கிக்கொண்டேன்.